நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் இருந்து எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் ஒரு காய்கறிக் கடை இருக்கும். அந்தக் கடையில் வேறு எது தீர்ந்து போனாலும் உருளைக்கிழங்கு மட்டும் தீராது. பல கடைகளில் இரண்டு குவியல்கள் இருக்கும். ஒன்று சாதா உருளை. ஆக்ராவில் இருந்தோ, குஜராத்தில் இருந்தோ, கர்நாடகத்தில் இருந்தோ லாரியில் வந்தது. இன்னொன்று ஊட்டி உருளை. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். மேலே மண் ஒட்டிக்கொண்டிருக்கும். "மண்ணையும் சேர்த்து எடை போடுறியேப்பா" என்று கடைக்காரரிடம் ஒரு சின்னச் சண்டை போட்டுத்தான் வாங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவி, அந்த மண்ணைச் சாக்கடையில் விட்டுவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த மண்ணைப் பற்றியது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு உருளைக்கிழங்கு மண்ணில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. முதல் வருடக் கணக்குப்பதிவியல் பாடத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். இயந்திரத்துக்குத் தேய்மானம் போட வேண்டும். கட்டடத்துக்குத் தேய்மானம் போட வேண்டும். மேஜை, நாற்காலிக்குக்கூடப் போட வேண்டும். ஆனால் நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது! அதற்கு ஆயுள் முடிவதில்லை, அதனால் மதிப்பு குறைவதில்லை என்பது பாடப்புத்தகம் சொல்லும் காரணம். பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாகவும் வந்துவிடும்.

நீலகிரி விவசாயி ஒருவரிடம் இந்தப் பதிலைச் சொன்னால் அவர் சிரிப்பார். ஏன் என்று பார்க்க, முதலில் அந்த மலைக்குப் போக வேண்டும்.

மலை ஏறிய கிழங்கு

உருளைக்கிழங்கு பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் பக்கம். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், வெள்ளைக்காரர்களோடு இந்தியாவுக்கு வந்தது. நீலகிரியில் அது வேரூன்றியதற்குப் பின்னால் ஜான் சல்லிவன் என்ற பெயர் இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். குளிர் பிடித்துப் போனது. உதகையில் வீடு கட்டினார். தங்கள் நாட்டுக் காய்கறிகளையும் கொண்டு வந்து பயிரிட்டுப் பார்த்தார். மலையில் ஏற்கெனவே சிறுதானியம் விளைவித்துக்கொண்டிருந்த படகர் சமூகத்து விவசாயிகள் புதிய கிழங்கைக் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அது அவர்களுடைய பணப்பயிர் ஆகிவிட்டது.

சமவெளியில் உருளைக்கிழங்குக்குக் குளிர்காலம் மட்டும்தான் பருவம். நீலகிரியில் வருடத்துக்கு மூன்று பருவம் உண்டு. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று அங்கே சொல்வார்கள். மூன்று முறை நடலாம், மூன்று முறை தோண்டலாம், மூன்று முறை மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை அனுப்பலாம். 45 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வடக்கில் இருந்து கிழங்கு வராத மாதங்களில் ஊட்டிக் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கும்.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரே நிலத்தில், ஒரே பயிர், வருடம் முழுக்க வருமானம். பிரச்சினை தொடங்கியதும் அங்கேதான்.

1961-ல் தெரிய வந்த விஷயம்

1961-ம் ஆண்டு ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு ஆய்வாளர் உதகைக்கு வந்திருந்தார். விஜயநகரம் பகுதியில் ஒரு உருளைக்கிழங்கு வயலில் செடிகள் திட்டுத் திட்டாக வளர்ச்சி குன்றிப் போயிருந்தன. அவர் வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது தெரிந்தது உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் அது இருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிய வந்தது.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விஷயம் எளிமையானது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூல் போன்ற புழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, உருளைக்கிழங்கு வேருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு சாறு குடிக்கும். பெண் புழு உருண்டையாகப் பருத்து வேருக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். குண்டூசித் தலையைவிடச் சின்னது. ஒரு இனத்தில் அது பொன்னிறமாக இருக்கும். அதனால் அதற்குத் தங்க நூற்புழு என்றும் ஒரு பெயர். இன்னொரு இனத்தில் வெளிர் நிறம். நீலகிரியில் இரண்டுமே இருக்கின்றன.

அந்தப் பெண் புழு செத்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பம். அதன் தோல் தடித்துப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். உள்ளே 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். அந்தக் கூடு மண்ணில் விழுந்து காத்துக்கொண்டிருக்கும். எத்தனை நாள்? 20 வருடத்துக்கு மேல்கூட முட்டைகள் உயிரோடு இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உருளைக்கிழங்கு வேரில் இருந்து கசியும் ஒரு ரசாயனம் மண்ணில் பரவும்போது, "சாப்பாடு வந்துவிட்டது" என்று தெரிந்துகொண்டு பெரும்பாலான முட்டைகள் பொரியும். வீட்டுக்காரர் வாசல் கதவைத் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கும் கடன்காரரைப் போல!

இந்தப் புழு மனிதனை ஒன்றும் செய்யாது. அந்த நிலத்துக் கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடலாம். பாதிப்பு முழுக்க விவசாயிக்குத்தான். செடி மஞ்சளாகும், வெயில் நேரத்தில் வாடும், கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். மேலே பார்த்தால் ஏதோ சத்துக் குறைபாடு மாதிரித்தான் தோன்றும். அதனால் இன்னும் ஒரு மூட்டை உரம் போடத் தோன்றும். செலவு கூடும், விளைச்சல் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு வயலில் 100 முட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உருளை நடாத வருடத்திலும் சில முட்டைகள் தாமாகப் பொரிந்து, சாப்பாடு கிடைக்காமல் செத்துப் போகும். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இப்படிக் குறைகிறது என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். (இடத்துக்கு இடம் இது மாறும்.)

முதல் வருட முடிவில் 67. இரண்டாம் வருட முடிவில் 45. மூன்றாம் வருட முடிவில் 30.

மூன்று வருடம் பொறுமையாக இருந்து ஏறக்குறைய முக்கால் பங்கு கடனை அடைத்தாயிற்று. இப்போது ஒரே ஒரு போகம் உருளை போடுகிறார் என்று வையுங்கள். நூற்புழு தாங்கும் சக்தி இல்லாத ரகம். ஒரு போகத்தில் முட்டை பத்து மடங்கு ஆகிறது என்று கொண்டால், 30 என்பது 300. மூன்று வருடப் பொறுமை மூன்று மாதத்தில் காலி. தொடங்கிய இடத்தைவிட மூன்று மடங்கு மோசம்.

கூட்டு வட்டி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் புரியாதவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு புரியும். வட்டி வேகமாக ஏறும். அசல் மெதுவாகத்தான் குறையும்.

1971: வாசல் மூடப்பட்டது

ஒரு வயலில் இருந்து இன்னொரு வயலுக்கு இந்தப் புழு தானாக நடந்து போவதில்லை. மண்தான் அதற்கு வண்டி. விதைக்கிழங்கில் ஒட்டிய மண், மண்வெட்டியில் ஒட்டிய மண், செருப்பில் ஒட்டிய மண், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சாக்கில் ஒட்டிய மண். நீலகிரி மாதிரிச் சரிவான நிலத்தில் மழைத் தண்ணீரே மேல் வயலின் மண்ணைக் கீழ் வயலுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிடும். மேல் வயல்காரர் பட்ட கடனைக் கீழ் வயல்காரரும் சேர்த்துக் கட்ட வேண்டிய நிலை.

1971-ல் அரசு நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குப் போவதற்குத் தடை போட்டது. சமையலுக்கான கிழங்கு போகலாம். நடுவதற்கான கிழங்கு போகக் கூடாது. நாட்டின் மற்ற பகுதிகளைக் காப்பாற்ற இது சரியான முடிவுதான். ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தது என்று பாருங்கள். விதைக்கிழங்கு சாப்பாட்டுக் கிழங்கைவிட நல்ல விலைக்குப் போகும் சரக்கு. அந்தச் சந்தை ஒரு மலை விவசாயிக்கு ஒரே கையெழுத்தில் மூடிப் போனது.

அதே கதை 2018-ல் வடக்கிலும் நடந்தது. சிம்லா பக்கத்தில் குஃப்ரி, ஃபாகூ ஆகிய இடங்களில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணைகளிலேயே இந்த நூற்புழு இருப்பது தெரிந்தது. இமாச்சலப் பிரதேசம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களில் இருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கு மத்திய அரசு தடை விதித்தது. 'குஃப்ரி ஜோதி', 'குஃப்ரி சந்திரமுகி' என்று இந்தியாவின் பாதி ரகங்களுக்குப் பெயர் கொடுத்த ஊர் அந்தக் குஃப்ரி! ஆராய்ச்சி நிலையத்து மண்ணுக்கே இந்த நிலை என்றால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

மருந்து இல்லையா?

இருக்கிறது. ஆனால் எதுவும் முழு மருந்து கிடையாது.

முதலாவது ரசாயனம். கார்போஃபியூரான் குருணையை நடும்போது மண்ணில் போடும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. பொரிந்து வெளியே வரும் புழுவை அது தாக்கும். கூட்டுக்குள் பத்திரமாகத் தூங்கும் முட்டையை அவ்வளவாகத் தொடாது. அதோடு அது நரம்பைத் தாக்கும் கடும் விஷம். நீலகிரி என்பது பவானி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. மேலே மண்ணில் போடுவது கீழே யாரோ குடிக்கும் தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம். 1985-ல் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் வெளியானது. உதகை முத்தோரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியமான பங்களிப்பு இது. இரண்டு வகை முட்டைக்கூடு நூற்புழுவையும் தாக்குப் பிடிக்கும். புழு வேருக்குள் போகும், ஆனால் பெருக முடியாது. பிறகு குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று இன்னும் சில ரகங்கள் வந்தன. ஆனால் விவசாயி தனக்குப் பழகிய ரகத்தை விடுவது எளிதல்ல. மண்டியில் எது போகும், வியாபாரி எதைக் கேட்பார் என்பதும் அவர் பார்க்க வேண்டியதுதானே? 1968-ல் வெளியான குஃப்ரி ஜோதிக்கு மலையில் இன்றும் மவுசு உண்டு.

ஒரே எதிர்ப்பு ரகத்தை நம்பி உட்கார்ந்தாலும் ஆபத்துதான். இங்கிலாந்தில் இது நடந்தது. 1966-ல் மாரிஸ் பைப்பர் என்ற ரகம் வந்தது. தங்க நூற்புழுவுக்கு எதிரான சக்தி அதில் இருந்தது. மக்களுக்கும் பிடித்துப் போய் நாடு முழுக்கப் பரவியது. பல வயல்களில் தங்க நூற்புழு அடங்கியது. அந்தக் காலி இடத்தில், மாரிஸ் பைப்பரால் தடுக்க முடியாத வெளிர் நூற்புழு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று அந்நாட்டு விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி அந்த இரண்டாவது புழுதான்.

மூன்றாவது, பொறிப் பயிர். இது கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி. உருளையை நட்டு முட்டைகளைப் பொரிய விட்டு, புழு வளர்ந்து கூடாக மாறுவதற்கு முன்பே, சுமார் 45 நாளுக்குள், செடியைப் பிடுங்கிவிடுவது. புழுவை வீட்டுக்கு அழைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. ஆனால் ஒரு வாரம் தாமதமானாலும் லாபம் புழுவுக்கு. அதோடு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் விதைக்கிழங்கு வேண்டும். உருளைச் சாகுபடியில் பெரிய செலவே அதுதான். விற்காத பயிருக்கு அவ்வளவு பணம் போட யாருக்கு மனம் வரும்?

நான்காவது, பழைய வழி. பயிர் சுழற்சி. உருளைக்குப் பிறகு கேரட், பீட்ரூட், பூண்டு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் போடுவது. நடுவில் ஒரு பசுந்தாள் உரப் பயிர். புழுவுக்குச் சாப்பாடு கிடைக்காது. மண்ணுக்கும் ஓய்வு. எல்லா ஆராய்ச்சி நிலையங்களும் கடைசியில் வந்து நிற்கும் அறிவுரை இதுதான்.

ஒரு கதவை மூடினால்...

மண்ணில் இருப்பது இந்த ஒரு புழு மட்டும் இல்லை. வாடல் நோய் என்று ஒரு பாக்டீரியா நோய் உண்டு. இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப் போகும். வயலில் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நிறுத்தினால், சில நிமிடங்களில் பால் போன்ற நூல் இழைகள் கீழே இறங்கும். அந்த வெள்ளை இழை முழுக்க பாக்டீரியா. இதற்கும் தெளித்துக் குணமாக்கும் மருந்து இல்லை. நோய் வெளியே தெரியாத விதைக்கிழங்கிலும் அது ஒளிந்திருக்கும். இந்த நோய் இருக்கும் நிலத்தில் உருளைக்குப் பதில் தக்காளி, கத்தரி, மிளகாய் போட்டால் அது சுழற்சியே ஆகாது. எல்லாம் ஒரே குடும்பம், நோய்க்கு எல்லோரும் சொந்தக்காரர்கள்.

சரி, முட்டைக்கோஸ் போடலாம் என்றால் அதற்கு வேறு வம்பு. நீலகிரி மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. முட்டைக்கோஸின் வேர் வீங்கி முண்டு முண்டாகும் 'கிளப் ரூட்' நோய்க்கு அந்தப் புளிப்பு மிகவும் பிடிக்கும். அதைக் குறைக்கச் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். சுண்ணாம்பு அதிகமாகிப் புளிப்பு ரொம்பக் குறைந்தால், அடுத்து வரும் உருளையின் தோலில் சொறி நோய் வரும் வாய்ப்பு கூடும்! கேரட் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்றால் வேர்முடிச்சு நூற்புழு வந்து கேரட்டைக் கிளை கிளையாகப் பிளந்துவிடும். கோணலான கேரட்டை மண்டியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் 'எந்தப் பயிரை விடுவது' என்பதோடு விஷயம் முடிவதில்லை. எதற்குப் பிறகு எது, எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு இடைவெளி என்று வரிசை போட வேண்டும். நான்கைந்து வருடத்துக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். கம்பெனிகள் போடும் ஐந்தாண்டு பட்ஜெட் போலவே ஒரு வயலுக்கும் தேவை.

உரம் போட்டால் மண் நன்றாக இருக்குமா?

இங்கே வடசென்னைக்கும் ஒரு சம்பந்தம் வருகிறது. பெரம்பூரில் இருந்து பஸ்ஸிலேயே போய்விடும் தூரத்தில் மணலி. அங்கே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நீலகிரி விதைக்கிழங்குக்குத் தடை வந்த அதே வருடம்! எண்ணூரிலும் உரத் தொழிற்சாலை உண்டு. தமிழ்நாட்டு வயல்களுக்கு மூட்டை மூட்டையாக உரம் இந்தப் பக்கத்தில் இருந்து போயிருக்கிறது. அதற்கு வடசென்னை கொடுத்த விலையும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உரம் தேவையில்லை என்று சொல்வது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. உருளை நிறையச் சத்து கேட்கும் பயிர். நீலகிரியின் புளிப்பு மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் போட்டது முழுவதும் செடிக்குக் கிடைப்பதில்லை. உரம் செடிக்குச் சாப்பாடு. ஆனால் மண்ணை உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை. தொழு உரம், பசுந்தாள் உரம், வேப்பம் புண்ணாக்கு போன்றவை மண்ணில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், நூற்புழு முட்டையையே தின்னும் சில பூஞ்சைகளும் அப்படிப்பட்ட மண்ணில்தான் பெருகும். கெட்டதை முழுக்க அழிக்காது. ஆனால் அதன் எண்ணிக்கையை ஒரு கட்டுக்குள் வைக்கும்.

மண்ணின் நலத்தைப் பதிவு செய்ய மத்திய அரசு 2015-ல் மண் வள அட்டைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. நல்ல திட்டம். அட்டையில் 12 விஷயங்கள் இருக்கும். கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், பிறகு துத்தநாகம் முதல் போரான் வரை நுண்ணூட்டங்கள். எல்லாம் மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்ற கணக்கு. நூற்புழு எத்தனை, வாடல் பாக்டீரியா உண்டா, இல்லையா? அந்த அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

வணிகவியல் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சொத்துப் பக்கம் மட்டும் நிரப்பி, பொறுப்புப் பக்கத்தைக் காலியாக விட்ட ஐந்தொகை அது. அதை நம்பி யாராவது ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவார்களா? ஆனால் குத்தகைக்கு நிலம் எடுக்கும் ஒருவர் அப்படித்தான் எடுக்கிறார். போன குத்தகைக்காரர் விட்டுப் போன முட்டைக்கூடுகள் எத்தனை என்று பத்திரத்தில் எழுதியிருக்காது.

யார் கட்டுவது?

"மூணு வருஷம் உருளை போடாதீங்க ஐயா" என்று ஒரு அதிகாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சரிங்க சார், அந்த மூணு வருஷம் சொசைட்டி கடனை யாரு கட்டுவாங்க?" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. பயிர்க் கடன் பருவத்துக்குப் பருவம் திருப்பிக் கட்ட வேண்டியது. மண்ணின் கடன் வருடக் கணக்கில் அடைய வேண்டியது. இரண்டுக்கும் காலண்டரே ஒத்துப் போகவில்லை.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு ஒரு பகுதியின் சராசரியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஒருவருடைய வயலில் மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் விளைச்சல் அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் லாங் ஐலண்டில் 1941-ல் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. 1948-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. பாதிக்கப்பட்ட நிலத்தில் உருளை நடாமல் இருக்கும் விவசாயிக்கு ஈட்டுத்தொகை கொடுக்க அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. நடாமல் இருப்பதும் நாட்டுக்குச் செய்யும் ஒரு வேலை என்று ஒத்துக்கொண்டார்கள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஒரே நிலத்தில் உருளை போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியும் அவர்கள் முழுக்கத் தப்பிக்கவில்லை. உருளைக் கரணை நோய் என்ற இன்னொரு மண் நோயால் 2021 நவம்பரில் அந்தத் தீவின் கிழங்கு அமெரிக்காவுக்குப் போவது சில மாதங்கள் நின்று போனது.

நீலகிரியில் சட்டம் செய்யாததைச் சந்தை அரைகுறையாகச் செய்தது. பல விவசாயிகள் உருளையை விட்டுத் தேயிலைக்குப் போனார்கள். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. பலர் கேரட்டுக்குப் போனார்கள். விலை நன்றாக இருந்ததால் கேரட்டுக்குப் பிறகு கேரட், அதற்குப் பிறகும் கேரட். உருளையில் செய்ததையே வேறு பயிரில் திரும்பச் செய்வதற்குப் பெயர் சுழற்சி இல்லை.

செய்ய முடிந்தவை நிறைய இருக்கின்றன. மண் வள அட்டையில் பதின்மூன்றாவது கட்டமாக நூற்புழு எண்ணிக்கையைச் சேர்க்கலாம். கூட்டுறவு வங்கிகள் ஒரு பருவக் கடனுக்குப் பதில், சுழற்சித் திட்டத்தோடு சேர்ந்த மூன்று, நான்கு வருடக் கடன் கொடுத்துப் பார்க்கலாம். மண்ணே படாமல், வேரைக் காற்றில் தொங்கவிட்டு விதைக்கிழங்கு உருவாக்கும் ஏரோபோனிக்ஸ் முறை மத்திய ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சுத்தமான விதை மலை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும். பச்சைப் பசேல் என்று இருக்கும் ஒரு பசுந்தாள் உர வயலைப் பார்த்து "சும்மா கிடக்கிறது" என்று சொல்வதையும் நிறுத்தலாம்.

இதில் ஒன்றுகூடப் புதிய விஞ்ஞானம் கேட்கவில்லை. கேட்பது பணமும் காலமும். இரண்டையும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது முழுக்க முழுக்க வணிகவியல் கேள்வி. ஒரு மலை விவசாயி உருளை போடாமல் இருந்த மூன்று வருடத்தால் யாருக்கெல்லாம் லாபம்? அவருக்கு, கீழ் வயல்காரருக்கு, பக்கத்து மாநிலத்து விவசாயிக்கு, பெரம்பூரில் கிலோ கணக்கில் வாங்கிச் சமைக்கும் குடும்பத்துக்கு. செலவு மட்டும் அவர் ஒருவர் தலையில். லாபத்தில் பங்கு இருக்கிறவர்கள் செலவில் பங்கு எடுக்காத எந்தக் கூட்டு வியாபாரமும் ரொம்ப நாள் ஓடியதில்லை.

அடுத்த தேர்வில் 'நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே எழுதுங்கள், மார்க் முக்கியம். ஆனால் எழுதும்போது அது விடையா, இல்லை வசதிக்காக எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பொய்யா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.